மாசி விறகு, சித்திரை அடுப்பு
(திருச்சி தில்லை நகரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சித்திரை முதல் செவ்வாய்க்கிழமை சமயபுரத்தில் மாரியம்மன் தேர். அதற்கு முந்தைய நாள்களில் நம் ஊர்ச் சாலைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியுமாக, கையில் வேப்பிலையோடு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜனங்கள் சாரிசாரியாக நடக்கிறார்கள். காவிரிப் பாலம், மாம்பழச்சாலை, திருவானைக்கோவில், கொள்ளிடம், நம்பர் ஒன் டோல்கேட் என்று அந்தப் பாதை நீள்கிறது. வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல், பானகப் பந்தல், அன்னதானப் பந்தல். நடந்து வருகிறவர் யார், எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் கையில் தொன்னையைக் கொடுக்கிற வழக்கம் இன்னும் இந்த ஊரில் இருக்கிறது. அது நமக்குப் பெருமை.

அப்படியொரு பந்தலின் பின்பக்கத்தைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். முன்பக்கத்தில் சோறு போடுகிறார்கள்; அதை எல்லோரும் பார்க்கிறோம். பின்பக்கத்தில் மண்ணை வெட்டி நீளமாகக் காடி அடுப்பு போட்டிருப்பார்கள். அதன் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு விறகு அடுக்கியிருக்கும். எங்கள் பந்தலில் அந்த விறகைக் காசு கொடுத்துப் பிளந்து வாங்குவதில்லை. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் எல்லோரும் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஒரு தென்னந்தோப்பில் கூடி, நாங்களே பிளந்து அடுக்குகிறோம். பல வருடங்களாக இது நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள் தொடங்கியது. இப்போது அவர்களுடைய பிள்ளைகளும் வருகிறார்கள்.

ஏன் மாசி என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். காரணம் வெயில்தான். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீர் போகாமல் அடுப்பில் வைத்தால் கட்டை எரியாது, புகையும். எரிகிற சூடு முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். முழுக் கட்டையாகப் போட்டு வைத்தால் பட்டை ஈரத்தை வெளியே விடாது. பிளந்து, காற்று புகுந்து வருகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிவிட்டால் பங்குனி வெயில் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். நம் ஊர்ப் பங்குனி வெயிலுக்கு நாம் நன்றி சொல்லக்கூடிய ஒரே இடம் இந்த விறகு அட்டிதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்குகிறது. அன்று முதல் 28 நாள் அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். பக்தர்களுக்காகத் தெய்வம் விரதம் இருப்பது இங்கேதான் விசேஷம். அந்த நாள்களில் அவளுக்குச் சமைத்த தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவுதான். அம்மனுக்கு அடுப்பு மூட்டாத அந்த 28 நாளும் எங்கள் விறகு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. விரதம் முடிந்து தேருக்கு ஜனங்கள் வரும்போது அது அடுப்புக்குத் தயார்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். இதில் கொஞ்ச நேரம் நிற்க அனுமதியுங்கள்; நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த வேலைக்குள்தான் இருக்கிறது.

எங்களுக்குப் பெரும்பாலும் சவுக்கு வருகிறது. கூடவே அந்த வருடம் மழையில் சாய்ந்த வாகையோ, தூங்குமூஞ்சியோ, பட்டுப்போன புளியோ யாராவது ஒருவர் கொல்லையிலிருந்து வரும். ரம்பத்தால் முழங்கால் உயரத்துக்குத் துண்டு போட்டு வைத்துவிடுவோம். சவுக்கு சுலபம். எங்களுக்குக் கோடாலி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் விறகுக் கடையில் வாழ்நாள் முழுவதும் பிளந்து பிழைத்தவர். முதல் நாளே அவர் சொன்னார்: "சவுக்கை ஈரம் இருக்கும்போதே பொளந்துடுங்க தம்பி. காஞ்சு போச்சுன்னா கோடாலிய எகிறித் தள்ளும்." அது அப்படியே உண்மை. ஈரச் சவுக்கு ஒரே போடில் நேர்கோடாகத் திறக்கும். உள்ளே லேசான சிவப்பு. கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும்.

வாகை அப்படி விடாது. துண்டை நிமிர்த்தி வைத்து அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடும். கோடாலி அந்த வெடிப்பின் மேலேயே விழ வேண்டும். பெரிய துண்டானால் நடுவில் போடக் கூடாது. விளிம்பிலிருந்து ஓரம் ஓரமாகக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். கிளை முளைத்த இடத்தில் கணு இருக்கும், அந்தப் பக்கத்தைத் தொடவே கூடாது. புதிதாக வருகிறவர்கள் தோள் பலத்தில் ஓங்கி அடிக்கிறார்கள். பத்து அடியில் மூச்சு வாங்கிவிடும். பழகினவர் கோடாலியை உயரத் தூக்குவதோடு சரி. கீழே கொண்டுவருவது அதன் எடை. சத்தத்திலேயே தெரிந்துவிடும். கட்டை கொடுக்காதபோது 'தொம்' என்று மொட்டையாகக் கேட்கும். உள்ளே விரிசல் விட ஆரம்பித்ததும் சத்தம் மாறும். பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருப்பவர் தலையைத் தூக்கிப் பார்க்காமலே "இன்னொண்ணு போடுங்கண்ணே, வந்துடும்" என்பார்.

புளியங்கட்டைதான் சோதனை. அதன் நார் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். இறைச்சிக் கடையில் வெட்டுக்கட்டைக்குப் புளியை வைப்பதே அது பிளக்காது என்பதால்தான். அதைப் பிளக்க இரும்பு ஆப்பு வேண்டும், சம்மட்டி வேண்டும், இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஆப்பை வெடிப்பில் நிறுத்திக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் அது கடிக்கும் வரைக்கும் சம்மட்டியால் மெல்லத் தட்ட வேண்டும். கடித்த பிறகு பிடித்தவர் கையை எடுத்து விலகிக்கொள்வார், அதற்குமேல் ஓங்கி அடி. அந்த முதல் இரண்டு மூன்று தட்டு இருக்கிறதே, அதுதான் முழு நாளின் உயிர். "கைய எடுத்துக்க மாப்ள" என்று இவர் சொல்வார். "இன்னும் கடிக்கல, நீ தட்டு" என்று அவர் சொல்வார். சம்மட்டிக்குக் கீழே ஒருவருடைய விரல்கள் இருக்கின்றன. அந்த நேரத்தில் இருவருக்கும் வேறு எந்த நினைப்பும் இருக்க முடியாது. இரண்டு வருடமாகப் பேசாமல் இருந்த இரண்டு பேர் ஒரு புளியங்கட்டைக்கு முன்னால் இப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினைத் தகராறு. யாரும் சமாதானம் பேசவில்லை. ஆள் குறைவாக இருந்தது, அவ்வளவுதான். அடுத்த வருடம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள்.

நண்பர்களைப் பார்க்க வேறு வழியா இல்லை என்று கேட்கலாம். கல்யாணத்தில் பார்க்கிறோம், வரவேற்பில் மேடை ஏறிப் படம் எடுத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். பழைய மாணவர் கூட்டத்தில் பார்க்கிறோம். அங்கே ஒவ்வொருவரும் தன் வேலையையும் பிள்ளைகளின் படிப்பையும் சொல்லியாக வேண்டும். சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லாதவர் அந்தக் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார். வேலை போனவர், உடம்புக்கு முடியாதவர், வீட்டில் துக்கம் நடந்தவர், இவர்கள்தான் நண்பர்களைப் பார்க்க வேண்டியவர்கள். இவர்கள்தான் வருவதில்லை. விறகு பிளக்கும் இடத்தில் யாரும் யாரையும் பேசச் சொல்வதில்லை. கைக்கு வேலை இருக்கிறது. முடியாதவர் சுள்ளி பொறுக்கலாம், சிராய் கூட்டி அள்ளலாம், நிழலில் உட்கார்ந்து மோர் கரைக்கலாம். மனைவியை இழந்த நண்பர் ஒருவர் ஒரு வருடம் முழுநாளும் ஒரு வார்த்தை பேசாமல் அடுக்கிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் கிளம்பும்போது, "வந்தது நல்லதா போச்சு" என்றார். வேறு எங்கே போய் அவர் நாள் முழுக்க அப்படிப் பேசாமல் நண்பர்களோடு இருந்திருக்க முடியும்?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விறகடுப்புக் காலம் திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வரவே கூடாது. பச்சைமலை அடிவாரத்தில் தலைச்சுமையாக விறகு சுமந்து வந்து விற்ற பெண்களின் கழுத்தைப் பார்த்தவர்கள் அந்தக் காலத்துக்காக ஏங்க மாட்டார்கள். நம் அம்மாக்களும் பாட்டிகளும் ஊதுகுழலோடு புகைக்குள் குனிந்து கிடந்தார்கள். அந்த இருமல் எத்தனை பேரை எடுத்துக்கொண்டு போயிற்று! 2007இல் தமிழ்நாட்டு அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்புக் கொடுக்கத் தொடங்கியதும், 2016இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்ததும் பெண்களின் நுரையீரலுக்குக் கிடைத்த விடுதலை. எங்கள் வீடுகளில் எல்லாம் சிலிண்டர்தான். நாங்கள் விறகு எரிப்பது வருடத்துக்கு ஒரு தடவை, திறந்த வெளியில், பொது அடுப்பில். அன்று சமைக்கிறவர்களும் ஆண்கள். தோப்புக்குப் பெண்களும் வருகிறார்கள். சவுக்குப் பிளப்பதில் எங்களில் முதல் கை ஒரு தலைமை ஆசிரியை.

கூலிக்கு விறகு பிளக்கிறவரின் பிழைப்பு வேறு, நம்முடைய ஒரு நாள் வேறு. இதையும் மறக்கக் கூடாது. அவருக்கு அது தினமும் தோள் கழன்று போகிற வேலை. அதனால்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பெரியவரை அன்று நாங்கள் வேலை வாங்குவதில்லை. அவருடைய நாள் கூலியைத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு அவரைத் தலைவராக உட்கார வைக்கிறோம். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவரை அவர், "காலை அகட்டி நில்லுங்க சார், கோடாலி நழுவுனா முழங்கால்தான் போகும்" என்று திருத்துகிறார். திருத்தப்பட்டவர் மறுபேச்சுப் பேசாமல் காலை அகட்டி நிற்கிறார்.

திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலம் என்று ஒன்று உண்டு. பரஞ்சோதி முனிவர் பாடியது. 1965இல் வந்த படத்தின் வழியாக நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. வடக்கேயிருந்து வந்த ஏமநாதன் என்ற பாடகனோடு போட்டியிட வேண்டிய பாணபத்திரர் கலங்கி நின்றபோது, சொக்கநாதர் விறகுக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு மதுரை வீதியில் விற்க வருகிறார். ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் சுமையை இறக்கி வைத்துச் சாதாரிப் பண் பாடுகிறார். அன்பர் ஒருவருக்காகச் சுமை தூக்க முடிவு செய்த கடவுளுக்கு எத்தனையோ வேடம் கிடைத்திருக்கும். மக்களின் மனம் அவருக்குக் கொடுத்தது விறகுக் கட்டு.

இனி நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்ணுக்கு வருகிறேன். தில்லை நகர் நகராவதற்கு முன்னால் வயல். அந்த வயலுக்குத் தண்ணீர் தந்தது உய்யக்கொண்டான் வாய்க்கால். முதலாம் இராசராசனின் பட்டப்பெயரைத் தாங்கி, பேட்டவாய்த்தலையில் காவிரியைவிட்டுப் பிரிந்து, நம் ஊருக்குள் புகுந்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரைக்கும் போகிற வாய்க்கால். ஆற்றில் தண்ணீர் நின்ற கோடையில் வாய்க்காலைத் தூர்வாரி, கரையை மேடாக்கி, மதகைச் சரிசெய்வது ஊரார் வேலையாக இருந்தது. காவிரிப் பாசன ஊர்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். வருடத்துக்கு ஒரு தடவை, ஊர் மொத்தமும் மண்வெட்டியோடு.

அதையும் நான் பொன்னாகக் காட்ட மாட்டேன். பெரிய மிராசுதார் வாய்க்காலில் இறங்கியதில்லை, தன் பண்ணையாளை அனுப்பினார். இறங்கினவன் முதுகுதான் காய்ந்தது. ஆனாலும் அந்த ஒரு விஷயத்தை ஊர் தன் பொறுப்பாக வைத்திருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அந்தப் பொறுப்பு தளர்ந்தது. 1858இல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, வழக்கமாக இருந்ததைச் சட்டத்தால் வாங்கப் பார்த்தார்கள். வழக்கம் திரும்பி வரவில்லை. 2017இல் தமிழ்நாட்டு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பல ஏரிகளில் மண் அகன்றது, நல்லதுதான். மண்ணை அள்ளியது பெரும்பாலும் இயந்திரம். ஊரார் கரையில் நின்று பார்த்தோம். இயந்திரம் தூரை எடுத்துவிடும். கரையில் நின்ற நாம் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டோமா? உய்யக்கொண்டானில் இன்றைக்கு ஓடுகிற சாக்கடையைப் பார்த்தால், அது யாருடைய வாய்க்கால் என்ற நினைப்பே நமக்குப் போய்விட்டது தெரிகிறது.

வெளிநாட்டில் இப்படிச் சேர்ந்து உழைக்கும் வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிற ஊர்கள் இருக்கின்றன. நார்வேயில் குளிர்காலம் நீளமானது. வசந்தத்திலேயே விறகு பிளந்து அடுக்கிக் கோடையில் காயவிடுகிறார்கள். நம் மாசிக் கணக்கேதான். அக்கம்பக்கத்தார் ஒரு நாள் சேர்ந்து பொது வேலை செய்வதை அவர்கள் 'டுக்னாட்' என்கிறார்கள். பின்லாந்தில் 'தல்கோத்'. குடியிருப்பு வளாகத்தைச் சுத்தம் செய்வதும் பள்ளிக்கு வண்ணம் அடிப்பதும்கூட அங்கே அப்படி நடக்கிறது. முடிந்ததும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். லார்ஸ் மிட்டிங் என்ற நார்வே எழுத்தாளர் விறகைப் பற்றி எழுதிய புத்தகம் 2011இல் வந்து அங்கே பெருவாரியாக விற்றது. அதை ஒட்டி 2013 பிப்ரவரியில் அந்த நாட்டுப் பொதுத் தொலைக்காட்சி ஓர் இரவில் 12 மணி நேரம் விறகைப் பற்றியே நிகழ்ச்சி நடத்தியது. அதில் பெரும்பகுதி ஒரு கணப்பில் விறகு எரிவதை அப்படியே காட்டியது. விறகைப் பட்டை மேலே பார்க்க அடுக்க வேண்டுமா, கீழே பார்க்க அடுக்க வேண்டுமா என்று ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து தொலைக்காட்சிக்கு எழுதினார்கள். எங்கள் தோப்பிலும் அந்த வழக்கு உண்டு. கோடை மழைக்குப் பயந்து மேல் வரிசையை மட்டும் பட்டை மேலே இருக்க வைக்க வேண்டும் என்பது பெரியவரின் தீர்ப்பு.

இலங்கையில் ஏ.டி. ஆரியரத்ன 1958இல் கொழும்பு நாளந்தா கல்லூரி மாணவர்களை ஒரு பின்தங்கிய சிற்றூருக்கு அழைத்துப்போய் ஊராரோடு சேர்ந்து உழைக்க வைத்தார். அங்கிருந்துதான் சர்வோதய சிரமதான இயக்கம் அந்த நாடு முழுவதும் பரவியது. நம்மிடமும் விதை இல்லாமல் இல்லை. அப்பர் கையில் உழவாரம் இருக்கிறது. மாதம் ஒரு கோயில் என்று புல் செதுக்கப் போகிற உழவாரக் குழுக்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன.

இப்படிச் சேர்ந்து பழகின கைகளுக்கு வேறு ஒரு நாளில் வேலை வருகிறது. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலை கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு அந்தப் பக்கம் உறவு. அன்று யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. ரம்பம் யார் வீட்டில், கயிறு யாரிடம், வண்டி யாருடையது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் கிளம்பிவிட்டோம். அங்கே போன பிறகுதான் தென்னை எப்படிப்பட்டது என்று தெரிந்தது. தென்னையில் வெடிப்பு ஓடாது, முழுக்க நார். கோடாலி போனால் உள்ளே கவ்விக்கொள்ளும், ஆட்டி ஆட்டித்தான் பிடுங்க வேண்டும். ஓட்டு வீட்டின் மேல் விழுந்து கிடந்த மரத்தை ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்துக் கயிறு கட்டி இறக்கினோம். கயிற்றை எப்போது இறுக்க வேண்டும், எப்போது தளர்த்த வேண்டும் என்று அங்கே ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொண்டு நிற்க நேரம் இல்லை. புளியங்கட்டைக்கு முன்னால் ஆப்பைப் பிடித்த கை அதைத் தெரிந்து வைத்திருந்தது. அந்த வீட்டுக்கார அம்மா, தன் தோப்பே போன அன்று, எங்களுக்குக் கஞ்சி காய்ச்சினார்கள். கீழே விழுந்த மட்டையை வைத்து அடுப்பு மூட்டினார்கள்.

தில்லை நகரில் எவ்வளவு பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள்! மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள். குறுக்குத் தெருவுக்குக் குறுக்குத் தெரு அடுக்கு வீடுகள். ஒரே மாடியில் எதிர் எதிர்க் கதவில் பத்து வருடம் குடியிருக்கிறவர்கள் மின்தூக்கியில் புன்னகைத்துவிட்டுப் போகிறார்கள். 1977இல் வெள்ளம் வந்தபோது இந்தப் பகுதியில் யார் யாரைத் தோளில் தூக்கினார்கள் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் சிலர் நினைவு வைத்திருப்பீர்கள். வெள்ளம் வந்துதான் நாம் ஒருவரை ஒருவர் தொட வேண்டுமா? பணம் கொடுத்தால் விறகு பிளந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள், உண்மை. அந்தப் பணம் நம்மிடம் இருக்கிறது என்பதும் உண்மை. எல்லா வேலைக்கும் பணம் கொடுத்துவிட்ட பிறகு நண்பனிடம் கேட்பதற்கு நம்மிடம் எதுவும் மிஞ்சுவதில்லை. கேட்கப்படாத நண்பன் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போகிறான். அதனால் ஒரு வேலையையாவது விலைக்கு விடாமல் நாம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது விறகாக இருக்கட்டும், உய்யக்கொண்டான் கரையில் ஒரு நூறடித் தூரமாக இருக்கட்டும்.

இந்த வருடம் தோப்பில் சவுக்கு இறங்கிவிட்டது. கூடவே வேரோடு சாய்ந்த பெரிய புளி ஒன்று வந்திருக்கிறது; அதற்கு ஆள் நிறைய வேண்டும். பூச்சொரிதலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குச் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே வண்டி நிற்கும். கோடாலியும் ஆப்பும் எங்களிடம் இருக்கின்றன. செருப்பு வேண்டாம், மூடின காலணி போட்டுக்கொண்டு வாருங்கள். தலைக்கு ஒரு துண்டு. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், சுள்ளி பொறுக்க ஆள் போதவில்லை. மத்தியானம் சாப்பாடு அங்கேயே. சாம்பாரும் கத்தரிக்காய்க் கூட்டும் போன வருடத்து விறகில் மிச்சம் இருப்பதை வைத்துச் சமைப்பார்கள். வர நினைக்கிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கிற தம்பியிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.